கதை சொல்லி நிரூபிக்கிற கடன் யாருக்கு?

1

முஸ்லிம் வெறுப்புக்கு மாற்று மருந்தாக இன்று பல கூட்டங்களில் ஒரு யோசனை வைக்கப்படுகிறது. முஸ்லிம்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொல்ல வேண்டுமாம். எங்கள் வீட்டில் என்ன சமைக்கிறோம், பிள்ளையை எந்த ஸ்கூலில் சேர்த்திருக்கிறோம், எதற்காகச் சிரிக்கிறோம், எதற்காக அழுகிறோம் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் உட்கார்ந்து பேசினால் வெறுப்பு தானே கரையும் என்கிறார்கள். இதைச் சொல்கிறவர்கள் நம்மோடு ஊர்வலத்தில் வருகிறவர்கள், நம்மோடு சேர்ந்து போலீஸ் வேனில் ஏறுகிறவர்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் இதைக் கேட்டதும் ஒரு தலித்துக்கு உடனே எழுகிற கேள்வி வேறு. இதே யோசனையை நமக்கும் சொன்னார்களே, நாமும் சொன்னோமே, என்ன ஆச்சு? 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தது. அதற்குப் பிறகு தன்வரலாறு, வாக்குமூலம், கதை, கவிதை என்று எத்தனையோ வந்துவிட்டன. பல்கலைக்கழகங்களில் பாடமாக வைத்தார்கள். பரிசு கொடுத்தார்கள். படித்துவிட்டுக் கண்கலங்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் தெருவில் வாடகைக்கு வீடு கேட்டால் மட்டும், “நீங்க எந்த ஊரு? அங்க எந்தத் தெரு?” என்கிற விசாரணை அப்படியே இருக்கிறது.

அதே 1992ஆம் ஆண்டில்தான், அம்பேத்கர் மறைந்த நாளான டிசம்பர் 6ஆம் தேதியன்று, பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அதனால் நமக்கும் அவர்களுக்கும் துக்கநாள் ஒன்றாகிவிட்டது. அந்தத் துக்கத்தை இருவரும் சேர்ந்து பேச முடியுமா என்பதுதான் இந்தக் கட்டுரையில் என் கேள்வி. கூடவே இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பாதிக்கப்பட்டவன் தன் கதையைச் சொல்லித் தன்னை மனுசன் என்று நிரூபிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

2

கதைக்கு ஒரு சக்தி உண்டு. அதை நான் மறுக்கவில்லை. வெறுப்பு எப்போதும் பன்மையில் பேசும். “இவனுங்களே இப்படித்தான்” என்று சொல்லும். கதை ஒருமையில் பேசும். ஒரு ஆளுக்குப் பேர் வைக்கும், ஊர் சொல்லும், அவனுடைய முழங்கால் வலியைச் சொல்லும். நம் ஊர்களில் கறிக்கடை பாய், பிரியாணிக்கடை பாய், பழைய இரும்பு பாய் என்று எல்லோரையும் ‘பாய்’ என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுவிடுகிறோம். இருபது வருஷம் அவரிடம் கறி வாங்கியவருக்கு அவர் பேர் தெரியாது. நம்மைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் “டேய்” என்றும் “ஏய்” என்றும் கூப்பிட்ட ஊர்தானே இது. பேர் தெரியாமல் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். கதை அந்தப் பேரைத் திருப்பிக் கொடுக்கிறது. அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் வெறுப்புக்கும் ஒரு தந்திரம் இருக்கிறது. கதை கேட்டு மனசு இளகியவுடன் அது வேறு ஒரு வாசலைத் திறந்துவிடும். “நீங்க அப்படி இல்ல பாய், உங்கள மாதிரி எல்லாரும் இருந்துட்டா பிரச்சினையே இல்ல.” இந்த வசனத்தை நமக்கும் நன்றாகத் தெரியும். “உங்களப் பாத்தா எஸ்.சி. மாதிரியே தெரியல சார்.” பாராட்டுவதாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஒருவனை மட்டும் வெளியே எடுத்து நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, மிச்சம் இருக்கிற அத்தனை பேரையும் பழைய இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். கதை சொன்னவன் விதிவிலக்கு ஆகிறான். விதி அப்படியே நிற்கிறது.

இந்தக் கணக்கு நடக்கும் விதத்தைக் கவனியுங்கள். குத்தம் என்றால் மொத்தமாக எழுதுகிறார்கள், நல்லது என்றால் சில்லறையாக எழுதுகிறார்கள். கோயம்புத்தூரை எடுத்துக்கொள்வோம். 1997 நவம்பர் கடைசியில் ஒரு போலீஸ்காரர் கொலை செய்யப்பட்டார். அதையடுத்து நடந்த வன்முறையிலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 1998 பிப்ரவரி 14ஆம் தேதி குண்டுகள் வெடித்து 58 பேர் செத்தார்கள். குண்டு வைத்தது கொடூரம், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்தக் குண்டுக்கு, பேப்பரில் படித்துத்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்ட ஒரு தையல்காரர்கூடப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. முந்தைய நவம்பரில் செத்துப்போன 18 பேருக்கு எந்தத் தெருவில் எந்த இந்துவிடம் யார் பதில் கேட்டார்கள்? கேட்கக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன். ஒரு சாதியில், ஒரு மதத்தில் பிறந்ததற்காக ஒருவன் இன்னொருவன் செய்த கொலைக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. அந்த நியாயம் ஏன் ஒரு பக்கத்துக்கு மட்டும் என்பதுதான் என் கேள்வி.

3

2020 ஏப்ரலில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். டெல்லியில் நடந்த தப்லீக் ஜமாஅத் கூட்டத்துக்குப் போய்வந்தவர்களுக்குக் கொரோனா வந்ததை வைத்துக்கொண்டு, நோயே முஸ்லிம்கள் பரப்பியது என்று கிளப்பிவிட்டார்கள். செல்போனில் வதந்தி பறந்தது. காய்கறி வண்டிக்காரனிடம் பேர் கேட்டுவிட்டு வாங்காமல் விட்டவர்கள் இருந்தார்கள். நோய்க்கு மதம் வைத்த காலம் அது.

அப்புறம் காட்சி மாறியது. செத்தவரின் உடம்பைத் தொடச் சொந்தப் பிள்ளைகளே பயந்து நின்றபோது, தமுமுக உள்ளிட்ட முஸ்லிம் அமைப்புகளின் இளைஞர்கள் முன்னால் வந்தார்கள். கவச உடை போட்டுக்கொண்டு, இந்துவா கிறிஸ்தவரா என்று பார்க்காமல், அவரவர் முறைப்படி எரிக்கவும் புதைக்கவும் செய்தார்கள். பத்திரிகைகள் பாராட்டின. “பாத்தியா, இதுதான் உண்மையான முஸ்லிம்” என்று நண்பர்கள் பூரித்துப்போனார்கள். வெறுப்பை வெல்ல இதைவிட நல்ல கதை வேண்டுமா என்று கேட்டார்கள்.

அந்த இளைஞர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அந்தப் பாராட்டைக் கேட்டபோது எனக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. பிணத்தைத் தூக்கினால் மனுசன் என்று சர்டிபிகேட் கிடைக்குமானால், தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்களின் பிணங்களை எரித்தவனுக்கும், குழி வெட்டியவனுக்கும், சாவுச் சேதி சொல்ல ராத்திரியில் பத்து மைல் நடந்தவனுக்கும், பறை அடித்துக்கொண்டு பாடைக்கு முன்னால் போனவனுக்கும் அது எப்போதோ கிடைத்திருக்க வேண்டும். கிடைத்ததா? கொரோனாக் காலத்திலும் பல மயானங்களில் கடைசி வேலையைச் செய்தவர்கள் நம் ஆட்கள்தான். அவர்களைப் பற்றி யாரும் பூரித்துப்போகவில்லை. அவன் செய்தால் அது அவன் ‘வேலை’.

ஒரு சமூகம் தன்னைப் பாதுகாப்பாக வாழவிடச் சொல்லி இன்னொரு சமூகத்துக்குச் சேவை செய்துகாட்ட வேண்டும் என்கிற ஏற்பாட்டின் பேர் அன்பு இல்லை. பழைய பாஷையில் அதற்கு ஊழியம் என்று பேர். சேவை நின்றுபோன மறுநாள் என்ன ஆகும்? மோசமான முஸ்லிமும் வீட்டு வாடகை கொடுத்துவிட்டுக் குடியிருக்கத்தான் வேண்டும். கோபக்காரர், கஞ்சன், சிடுமூஞ்சி, தொழுகைக்குப் போகாதவர், அஞ்சு வேளையும் போகிறவர், எல்லோரும் பயமில்லாமல் வாழ வேண்டும். நல்லவராக இருப்பதைப் பொறுத்து உரிமை கிடைக்குமென்றால் அதை உரிமை என்று சொல்ல முடியாது.

4

ஆகவே நல்ல பாய் கதைகளை ஓரமாக வைத்துவிட்டு, வேறு மாதிரி ஒரு கதையை என் வீட்டிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஆம்பூர்ப் பக்கம். எங்க நைனா 22 வருஷம் டேனரியில் வேலை செய்தார். பாலாற்றங்கரை டேனரிகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முதலாளிகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் நாங்கள். பச்சைத்தோலை உப்பிலிருந்து எடுத்து அலசி, சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிரை வழித்து, ஒட்டியிருக்கிற சதையைச் சீவுகிற வேலை. நைனாவின் பாதத்தில் தோல் வெந்து உரிந்து எப்போதும் வெள்ளையாக இருக்கும். வேலை விட்டு பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருக்கிறவன் எழுந்து போய்விடுவான். ஊர்த் தெரு டீக்கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ்.

சாயபு வீட்டில் தனி கிளாஸ் கிடையாது. நைனா முன்வாசல் வழியாகத்தான் உள்ளே போவார். அவங்க குடிக்கிற கிளாஸில் டீ கொடுப்பார்கள், பெஞ்சியில் உட்காரச் சொல்வார்கள். ரம்ஜான் மாசம் பூரா நாங்கள் பிள்ளைகள் தூக்குப்போணியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய் நோன்புக்கஞ்சி வாங்கி வருவோம். வரிசையில் யாரும் யாரையும் தள்ளி நிற்கச் சொன்னதில்லை. பக்ரீத்துக்குக் கறி வரும். இது வரைக்கும் சொல்லி நிறுத்தினால் மேடையில் கைதட்டல் வாங்கலாம்.

மிச்சமும் இருக்கிறது. கூலி உயர்வு கேட்டபோது அதே சாயபு நாலு பேரை வேலையை விட்டு நிறுத்தினார். அதில் நைனாவும் ஒருத்தர். ரெண்டு மாசம் கழித்துக் கையைக் காலைப் பிடித்துத்தான் திரும்ப வேலை கிடைத்தது. கடைசியில் மூச்சுத் திணறல் வந்து வேலைக்குப் போக முடியாமல் ஆனபோது, இருபது வருஷத்துக்கு மேல் உழைத்த உடம்புக்கு ஒரு சின்னத் தொகையைக் கவரில் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அம்மா தோட்டை விற்றது. டேனரிக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் நாசமாக்கியது. அந்த வழக்கில் 1996இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தண்ணீரை எங்கள் காலனியும் குடித்தது, பக்கத்தில் இருக்கிற ஏழை முஸ்லிம் தெருவும் குடித்தது.

நைனா படுத்த படுக்கையாக இருந்தபோது விசாரிக்க வந்த ஒருத்தர், புதிதாக நெற்றியில் செந்தூரம் வைக்க ஆரம்பித்திருந்தவர், “துலுக்கன் புத்தியக் காட்டிட்டான் பாத்தியாம்மா” என்றார். அம்மா, “இன்னா துலுக்கன் புத்தி? மொதலாளி புத்தி. நாயுடு மில்லுல வேல செஞ்ச என் தம்பிக்கு மட்டும் இன்னா தங்கத்துலயா குடுத்தாங்க?” என்று கேட்டது. அப்போது எனக்குப் பதினாறு வயசு. அதற்கப்புறம் நான் படித்த புத்தகங்களில் இதைவிடத் தெளிவாக யாரும் இந்த விஷயத்தைச் சொல்லி நான் பார்க்கவில்லை.

அம்மா என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கோபத்தை விட்டுவிடவில்லை. சாயபு நல்லவர்தான், ஒரே கிளாஸில் டீ கொடுத்தாரே என்று சமாதானமும் சொல்லவில்லை. கோபத்துக்குச் சரியான பேரை வைத்தது. வெறுப்புப் பிரச்சாரம் என்பது நமக்கு உண்மையாகவே இருக்கிற கோபத்தைத் திருடி அதன் மேல் வேறு விலாசம் எழுதுகிற வேலை. அந்த விலாசத்தை அடிக்க வேண்டுமானால் கோபம் இருப்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். ‘எல்லாரும் அண்ணன் தம்பியாப் பழகினோம்’ என்கிற கதையால் அது முடியாது. டீயையும் சொல்ல வேண்டும், கவரையும் சொல்ல வேண்டும். கவரை மறைத்துவிட்டு டீயை மட்டும் சொன்னால், கேட்கிற டேனரித் தொழிலாளி மகன் அந்தக் கதையை நம்ப மாட்டான். செந்தூரக்காரன் சொல்வதைத்தான் நம்புவான்.

முஸ்லிம் எழுத்தாளர்களுக்கும் இந்த நெருக்கடி இருந்திருக்கிறது. 1988இல் வந்த தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ தன் சமூகத்து முதலாளியின் அதிகாரத்தைத்தான் தோலுரித்தது. சல்மா பெண்களைப் பூட்டிவைக்கிற வீடுகளைப் பற்றி எழுதினார். பீகாரிலிருந்து அலி அன்வர் 2001இல் எழுதிய புத்தகம் முஸ்லிம்களுக்குள் இருக்கிற சாதியை வெளியே கொண்டுவந்தது. இப்படி எழுதுகிறவர்களிடம், எதிரிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறாய் என்பார்கள். ‘கருக்கு’ வந்தபோது பாமாவும் சொந்த ஊரின் கோபத்தைச் சந்திக்க வேண்டியிருந்தது. ஆனால் உள்ளே இருக்கிற சண்டையைச் சொல்கிற கதைதான் ‘இவனுங்க எல்லாம் ஒண்ணு’ என்கிற பொதுப்புத்தியை உண்மையில் உடைக்கிறது. ஒண்ணாக இல்லாததை ஒண்ணு என்று வெறுக்க முடியாது.

5

குஜராத்துக்கு வருவோம். 2002 கலவரம் என்றதும் ரெண்டு போட்டோக்கள் எல்லோருக்கும் நினைவு வரும். ஒன்றில் கண்ணில் நீரோடு கைகூப்பி உயிர்ப்பிச்சை கேட்கிறவர். அவர் குதுபுதீன் அன்சாரி, தையல்காரர். இன்னொன்றில், பின்னால் நெருப்பு எரிய, தலையில் காவித்துணி கட்டி, இரும்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டு கத்துகிறவர். அவர் அசோக் மோச்சி. அகமதாபாத் நடைபாதையில் செருப்புத் தைக்கிற தலித்.

இந்துத்துவத்தின் முகமாக உலகம் முழுக்கப் போனது செருப்புத் தைக்கிறவன் முகம். திட்டம் போட்டவன் முகம், அதிகாரத்தில் இருந்தவன் முகம் எதுவும் போஸ்டர் ஆகவில்லை. தான் கலவரத்தில் ஈடுபடவில்லை என்று அசோக் பிறகு சொல்லிவந்தார். அது எப்படியோ, கம்பியைத் தூக்கியதற்கு அவருக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க வேண்டும். கலவரம் முடிந்து பல வருஷங்களுக்குப் பிறகும் அவர் அதே நடைபாதையில்தான் உட்கார்ந்து செருப்புத் தைத்தார். அன்சாரியையும் அந்தப் போட்டோ நிம்மதியாக விடவில்லை. போன இடமெல்லாம் அடையாளம் கண்டுகொண்டார்கள். 2003இல் கல்கத்தாவுக்குப் போய்க் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பினார்.

2014இல் கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் இருவரும் ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள். அன்சாரியின் வாழ்க்கை மலையாளத்தில் புத்தகமாக வந்தது. 2016இல் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்ததற்கு எதிராக நடந்த போராட்டத்தில் அசோக் கலந்துகொண்டார். 2019இல் அவர் அகமதாபாத்தில் ஒரு செருப்புக் கடை தொடங்கினார். கடைக்கு ‘ஏக்தா’, அதாவது ஒற்றுமை, என்று பேர். திறந்துவைத்தவர் அன்சாரி.

இதில் மன்னிப்பு, சமாதானம் என்று உருகுவதற்கு நிறைய இருக்கிறது. உருகட்டும். ஆனால் இந்தக் கதையில் வெறுப்பை உடைக்கிற பாதி எது? அன்சாரி அழுததை உலகமே பார்த்தது. அந்த அழுகையைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. அசோக்கின் கதை வேறு மாதிரி வேலை செய்கிறது. “கம்பி உன் கையில கொடுத்தவன் உனக்குக் கடை வச்சுக் கொடுத்தானா?” என்று அது கேட்கிறது. ஒவ்வொரு காலனிப் பையனிடமும் கேட்க வேண்டிய கேள்வி இது. முஸ்லிம் தன் வாயால் கேட்டால் தற்காப்புப் பேச்சாகத் தெரியும். நம்மில் ஒருவன் கேட்டால் மட்டும்தான் எடுபடும்.

தமிழ்நாட்டிலும் இதைத்தானே பார்க்கிறோம். ஊர்த்தேர் நம் தெருவுக்கு வராது. நம் சாமி ஊர்த்தெரு வழியாகப் போகக் கூடாது. ஆனால் 1980களிலிருந்து பிளாஸ்டர் பிள்ளையார் மட்டும் நம் தெருவுக்கு இலவசமாக வந்து இறங்குகிறார். ஊர்வலம் புறப்பட்டால் அது ஊர்த்தெருப் பக்கம் திரும்பாது, மசூதித் தெருவுக்குத்தான் போகும். நம்மை இந்துவாகச் சேர்த்துக்கொள்கிற ஒரே இடம் அந்தச் சண்டை நடக்கிற இடம். “பிள்ளையாருக்கு எங்க தெரு தெரியுது, உங்க தேருக்குத் தெரியலியா?” என்று ஒரு பையன் கேட்டுவிட்டால் போதும், ஊர்வலம் அங்கேயே முடிந்துவிடும்.

6

கதை சொல்வது யார் என்பதைவிட, கேட்கத் தயாராக இருப்பது யார் என்பது பெரிய கேள்வி. அதற்கு மீனாட்சிபுரமே சாட்சி. 1981 பிப்ரவரி 19ஆம் தேதி அந்தக் கிராமத்தில் சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்கு மாறின. ஏன் மாறினோம் என்று அவர்களே வாய்விட்டுச் சொன்னார்கள். சாதி இழிவைச் சொன்னார்கள், சுயமரியாதையைச் சொன்னார்கள். முதல் தரமான வாக்குமூலம் அது. வாஜ்பாயி உட்பட டெல்லியிலிருந்து தலைவர்கள் வந்தார்கள். நாடே அந்த ஊரைப் பற்றிப் பேசியது. ஆனால் பேசியது எல்லாம் அரபு நாட்டுப் பணம் என்கிற கதையைத்தான். தீண்டாமையைக் கேட்டால் தாங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பெட்ரோல் பணம் என்றால் பதில் சொல்ல வேண்டியவன் வேறு எங்கேயோ இருக்கிறான். சொந்த வாயால் சொன்ன கதை தோற்றது, கட்டுக்கதை ஜெயித்தது. அரசாங்கத்தின் காதும் அப்படித்தான். 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணை பட்டியல் சாதி என்பதை இந்துக்களுக்கு மட்டும் என்று எழுதியது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். இஸ்லாத்துக்கோ கிறிஸ்தவத்துக்கோ போனவன் இன்றும் வெளியேதான். மதம் மாறியதும் அவன் சாதி போய்விட்டது என்று காகிதம் சொல்கிறது. தெரு அப்படிச் சொல்வதில்லை.

ஆகவே என் முடிவு இதுதான். முஸ்லிம் நண்பர்கள் கதை சொல்லட்டும். விருப்பம் இருந்தால், தங்களுக்காக, தங்கள் பிள்ளைகளுக்காக, எழுத்தின் சந்தோஷத்துக்காகச் சொல்லட்டும். அதை நம்மிடம் நல்லபேர் வாங்குவதற்கான பரீட்சையாக ஆக்காதீர்கள். சொல்லாமல் இருக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. வெறுப்பின் கதையைச் சொல்ல வேண்டியவர்கள் அந்த வெறுப்பு யார் தெருவில் விதைக்கப்படுகிறதோ அவர்கள். உன் வீட்டில் ‘துலுக்கன்’ என்ற சொல் முதலில் யார் வாயிலிருந்து வந்தது? உன் தெருவுக்குப் பிள்ளையார் சிலையை இறக்கியவர் எந்தத் தெருக்காரர்? கம்பு கொடுத்தவன் கேசு போட்டபோது ஜாமீனுக்கு வந்தானா? இவற்றைப் பேர், தேதி, இடத்தோடு எழுத வேண்டும். தேன் தடவாமல் எழுத வேண்டும்.

இதைப் படிக்கிற மாணவர்களிடம் குறிப்பாகக் கேட்கிறேன். டேனரியில், ஷூ கம்பெனியில், கறிக்கடையில், குப்பை லாரியில் முஸ்லிம்களோடு சேர்ந்து வேலை செய்கிற அப்பா, அம்மா, அக்கா உங்களில் பலருக்கு இருப்பார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். சண்டை போட்டதையும் கேளுங்கள், சேர்ந்து சாப்பிட்டதையும் கேளுங்கள். கூலி பாக்கியையும் கேளுங்கள். அவர்கள் பேசுகிற பேச்சிலேயே எழுதுங்கள். நம் ஆட்களுக்குச் சரியான பேரை வைக்கத் தெரியும்.